கோட்டையூர்ப் பகுதி விவசாயிகள் கோயம்புத்தூர் மாநாட்டிற்குச் செல்லும் மார்க்கங்கள்

விவசாயிகளை அழைக்கும் மாநாடுகளும் கண்காட்சிகளும் நம் மாநிலத்தில் பல ஊர்களில் கூடினாலும், அவற்றுள் பெரியன பலவும் கோயம்புத்தூரிலேயே கூடுகின்றன. சைதாப்பேட்டையில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கப்பெற்ற விவசாயப் பள்ளி 1906-ஆம் ஆண்டில் அந்நகருக்கு மாற்றப்பெற்றதும், அதன் வழிவந்த கல்லூரி வளர்ந்து 1971-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக அமைந்ததும், பம்பு, மோட்டார் முதலியன செய்யும் தொழிற்சாலைகள் அங்கே மிகுந்திருப்பதும் இதற்குக் காரணங்களாம். பல்கலைக்கழகத்தார் நடத்தும் உழவர் தின விழா ஒருபுறமும், சிறுதொழிலோர் சங்கமாகிய கொடீசியா ஜூலை மாதத்தில் நடத்திவரும் அக்ரி இன்டெக்ஸ் என்னும் கண்காட்சி மற்றொருபுறமுமாக, கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், கண்டனூர், புதுவயல் ஆகிய ஊர்களின் குடியானவர்களையும் அந்நகர் இழுக்கின்றது. அழைப்பிதழ் கிடைத்தபின், எவ்வழியிற் செல்வது, எத்தனை நாள் செலவாகும், செலவுக்குத் தக்க பயன் உண்டா என்னும் ஐயங்கள் எழுவது இயல்பு. அவற்றிற்கு விடையாக இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

முதலில் ஒன்று கூறவேண்டும். பிரயாணத்தை ஊரிலிருந்து கணக்கிடத் தொடங்குவது பலருடைய வழக்கம். அவ்வாறன்றி, மாநாட்டுப் பந்தலிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுவதே சிறந்தது. கோயம்புத்தூர் கிழக்கு மேற்காக நீண்டு பரந்த நகர். பல்கலைக்கழகம் நகரின் மேற்குப் பக்கத்தில் லாலி ரோட்டில் இருக்கின்றது. (1906 முதல் 1911 வரை சென்னை கவர்னராயிருந்த ஆர்தர் லாலியின் பெயரே அச்சாலைக்கு வழங்குகின்றது.) கொடீசியா வளாகமோ கிழக்குப் பக்கத்தில், அவினாசி சாலையையொட்டி, விமான நிலையத்திற்கு அணித்தாக உள்ளது. இரண்டிற்கும் இடையே நகர் முழுவதும் கிடக்கின்றது. நம் பக்கத்துப் பேருந்துகள் பெரும்பாலும் சென்று நிற்கும் சிங்காநல்லூர் நிலையம் கிழக்கே இருப்பதால், கொடீசியாவுக்குச் செல்வோர்க்கு அது கைக்கெட்டிய இடம். பல்கலைக்கழகத்திற்குச் செல்வோர் அங்கிறங்கின், காலை நெருக்கடியில் நகரைக் கடக்கவே ஒரு மணி நேரம் போய்விடும். அவர்களுக்கு நகர் நடுவிலுள்ள ரயில் நிலையமே ஏற்றது. ஆகவே, அழைப்பிதழில் முதலிற் பார்க்கவேண்டியது கூட்டம் எவ்விடத்தில் என்பதே; தேதியை அதற்கடுத்துப் பார்க்கலாம்.

பருவத்தையும் எண்ணவேண்டும்

ஜூலை மாதம் ஆனி முடிந்து ஆடி பிறக்கும் காலம். கண்மாயை நம்பி நெல் விதைப்போர்க்கு அப்பொழுது கையில் வேலை குறைவு. ஆவணி, புரட்டாசிக்குப் பின்னரே அவர்களுக்கு நெருக்கடி. ஆனால் செம்மண்ணிலும் சரளை நிலத்திலும் மானாவாரியாக நிலக்கடலை போடுவோரின் நிலைமை வேறு. ஆடியில் ஒரு நல்ல மழை பெய்து ஈரம் கிடைத்துவிட்டால், அவ்வீரம் இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் விதைப்புக்குக் காத்திராது. விதைப்பை விட்டு மாநாட்டுக்குச் செல்வது இலாபமாகாது. அத்தகையோர், முன்கூட்டிப் பணம் கட்டி ரயிலிற் படுக்கை பெறுவதினும், புறப்படும் நாளன்று மழையைப் பார்த்துத் தீர்மானிக்க இடந்தரும் பேருந்தையே நம்புவது மேல் என்பது எம் கருத்து.

கறவை மாடு வைத்திருப்போரும் யோசிக்கவேண்டும். ஓரிரவு வெளியில் தங்கினால் இரண்டு வேளைக் கறவையும், இரண்டிரவு தங்கினால் நான்கு வேளைக் கறவையும் பிறர் கையில் விடப்படும். புதுக்கை பட்டால் சில மாடுகள் பாலை அடக்கிக்கொள்ளும் என்பதை வளர்ப்போர் அறிவர். ஆதலின் அத்தகையோர்க்கு முந்திய இரவு புறப்பட்டு மறுநாள் பகலில் மாநாட்டைக் கண்டு அன்றிரவே திரும்பும் ஏற்பாடே உகந்தது. இவ்வேற்பாட்டிற்கு எம்மார்க்கம் இடங்கொடுக்கும் என்பதைக் கீழே காண்க.

பேருந்து மார்க்கம்

காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகக் கோயம்புத்தூர் ஏறக்குறைய 260 கிலோமீட்டர். இரவில் ஏழு மணி நேரம் எனக் கொள்ளலாம். திண்டுக்கல்லுக்கு அப்பால் ஒட்டன்சத்திரம் தாண்டியதும் சாலை இரண்டாகப் பிரிகின்றது. ஒன்று தாராபுரம், பல்லடம் வழியாகச் சிங்காநல்லூர் சேரும். மற்றது பழனி, பொள்ளாச்சி வழியாக உக்கடம் சேரும். உக்கடம் நிலையம் நகரின் தென்பகுதியில் இருப்பதால், பல்கலைக்கழகத்திற்குச் செல்வோர்க்குச் சிங்காநல்லூரைவிட அது நெருக்கம். ஏறுமுன் நடத்துநரிடம் எந்த நிலையம் என்று கேட்டுக்கொள்வது ஒரு வார்த்தைச் செலவுதான்.

இம்மார்க்கத்தின் முற்பாதி நம் பகுதியார்க்குப் புதியதன்று. தைப்பூசத்திற்குக் குன்றக்குடியிலிருந்து காவடியுடன் பழனிக்கு நடக்கும் நகரத்தார் கூட்டம் செல்வதும் சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியேதான். கால்நடையாய்ப் பல நாள் நடந்த பாதையைப் பேருந்து ஒரு பொழுதிற் கடந்துவிடுகின்றது.

பேருந்தின் அனுகூலங்கள்: முன்பதிவு அவசியமில்லை, ஏறினால் இறங்கும்வரை வண்டி மாறவேண்டியதில்லை, இரவு உணவருந்திப் புறப்பட்டுப் பொழுது விடிகையிற் சென்று சேரலாம், மாநாடு முடிந்த அன்றிரவே திரும்பலாம். பிரதிகூலம் யாதெனின், இருக்கையில் அமர்ந்தபடியே ஓரிரவன்று, அடுத்தடுத்து இரண்டிரவு கழிக்கவேண்டும். இளைஞர்க்கு இது பொருட்டன்று. அறுபதைக் கடந்தோரும், சர்க்கரை நோய் உடையோரும், கால் வீக்கம் காணும் உடல்வாகினரும் இவ்வாறு இரண்டிரவு செல்லற்க. பகலில் உரை நிகழும்போது தூங்கி விழுவதற்காக 500 கிலோமீட்டருக்கு மேல் போய்வருவது வீண்.

பெண் விவசாயிகள் ஒன்றை அறிந்திருத்தல் நலம். 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆகவே கோட்டையூரிலிருந்து காரைக்குடி நிலையம் வரையிலும், கோயம்புத்தூர் நகருக்குள்ளும் அத்தகைய பேருந்துகளில் அவர்கள் செலவின்றிச் செல்லலாம். ஊர்விட்டு ஊர் செல்லும் நெடுந்தூர வண்டிகளுக்கு இச்சலுகை இல்லை.

ரயில் மார்க்கம்

திருச்சிராப்பள்ளியிலிருந்து புதுக்கோட்டை வரை 1929-லும், அங்கிருந்து காரைக்குடி வழியாக மானாமதுரை வரை 1930-லும் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. கோட்டையூருக்கும் ஒரு சிறு நிலையம் வாய்த்தது. அதற்குமுன் நம் ஊரார் ரயிலேறவேண்டின், மாட்டு வண்டி பூட்டி மானாமதுரைக்கோ திருச்சிக்கோ செல்லவேண்டியிருந்தது. பாதை வந்தபின்னரும் கோயம்புத்தூர் செல்வோர்க்கு ஓர் இடையூறு நீங்கவில்லை. நம் பக்கம் மீட்டர்ப் பாதை. திருச்சிக்கு மேற்கே ஈரோட்டை நோக்கிச் செல்வது அகலப்பாதை. எனவே திருச்சியில் வண்டி மாறியே தீரவேண்டும். இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் நம் பாதையும் அகலப்படுத்தப்பட்ட பிறகே இவ்விலங்கு அறுந்தது.

ஆயினும் மாறாமற் செல்லும் வண்டி மிக அரிது. இராமேசுவரத்திற்கும் கோயம்புத்தூருக்கும் இடையே வாரத்துக்கு ஒருமுறை ஓடும் விரைவு வண்டி காரைக்குடி, புதுக்கோட்டை, திருச்சி, கரூர், ஈரோடு, திருப்பூர் வழியாக இரவிற் செல்கின்றது. மாநாட்டு நாளும் அவ்வண்டியின் நாளும் பொருந்தி வந்தால் அதனினும் எளிய வழி வேறில்லை. காரைக்குடியில் ஏறிப் படுத்துறங்கிக் காலையில் கோயம்புத்தூரில் இறங்கலாம். பொருந்துவது அரிது, பொருந்தினும் திரும்பும் வண்டிக்கு மறுவாரம் வரை காத்திருத்தல் இயலாதாகையால், ஒருவழிக்கே பயன்படும்.

மற்றை நாட்களில் திருச்சி சென்று மாறவேண்டும். காரைக்குடியிலிருந்து திருச்சி ஏறக்குறைய 90 கிலோமீட்டர்; திருச்சியிலிருந்து கரூர், ஈரோடு வழியாகக் கோயம்புத்தூர் 240 கிலோமீட்டர். சாலையைவிட ரயில் வழி சுற்று என்பது இதனால் விளங்கும். ஆனால் உறங்கிச் செல்பவனுக்குத் தூரம் ஒரு பொருட்டல்ல. திருச்சியிலிருந்து மூன்று வகை வண்டிகள் உள்ளன. பகலில் பாலக்காடு நோக்கிச் செல்லும் சாதாரணக் கட்டண வண்டி ஒன்று. மயிலாடுதுறையிலிருந்து வந்து, செவ்வாய் நீங்கலாகப் பிற நாட்களில் மாலையில் திருச்சியைக் கடந்து இரவில் கோயம்புத்தூர் சேரும் ஜன சதாப்தி ஒன்று. மன்னார்குடியிலிருந்து இரவில் வந்து விடியுமுன் கோயம்புத்தூர் சேரும் செம்மொழி விரைவு வண்டி ஒன்று. முதல் இரண்டிலும் செல்வோர் கோயம்புத்தூரில் ஓரிரவு தங்கவேண்டும். தங்கும் செலவையும் கணக்கிற் சேர்த்துக்கொள்க. மூன்றாவதே மாநாட்டுக்குப் போவோர்க்கு ஏற்றது. கோட்டையூரில் மாலை விளக்கேற்றும் முன் புறப்பட்டால், பேருந்தில் இரண்டரை மணி நேரத்தில் திருச்சி சேர்ந்து, அங்கேயே இரவு உணவருந்தி வண்டியேறலாம்.

திரும்புகையில் இதே வண்டியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கோயம்புத்தூரிலிருந்து இது புறப்படுவது நள்ளிரவு 12 மணிக்குப் பிறகு. இரயில்வேயார் கணக்கில் அது மறுநாள் தேதி. பன்னிரண்டாம் தேதி மாநாடு முடிந்து அன்றிரவு ஏறக் கருதுபவர், பதின்மூன்றாம் தேதிக்கே சீட்டு வாங்கவேண்டும். பன்னிரண்டு என்று எழுதி வாங்கியவருடைய வண்டி, அவர் மாநாட்டுக்கு வந்து சேருமுன்பே போயிருக்கும். சீட்டும் பாழ், படுக்கையும் பாழ். படித்தவரும் ஏமாறும் இடம் இது.

இன்னொன்று: திருச்சி, ஈரோடு மார்க்கமாகக் கேரளம் செல்லும் நெடுந்தூர வண்டிகள் யாவும் கோயம்புத்தூர்ச் சந்திப்புக்குள் வருவதில்லை. சில இருகூரிலேயே பிரிந்து போத்தனூர் வழியாகப் போய்விடும். போத்தனூரும் நகரைச் சேர்ந்ததே, நகரின் தென்கோடி. அறியாது ஏறியோர் திகைக்கவேண்டாம், ஆட்டோச் செலவுக்கு மட்டும் ஆயத்தமாக இருக்கவேண்டும்.

முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாட்களுக்கு முன்னரே தொடங்குகின்றது. முன்பு 120 நாட்களாயிருந்தது. 60 வயது கடந்த ஆடவர்க்கும் 45 வயது கடந்த பெண்டிர்க்கும், இடமிருப்பின் கீழ்ப்படுக்கையே ஒதுக்கப்படும். ஐந்தாறு பேரை ஒரே சீட்டில் எழுதினால் இவ்வொதுக்கீடு தவறிப்போவதுண்டு. ஆகையால் கூட்டத்தில் முதியோர் இருப்பின், அவர்களுக்கு மட்டும் தனிச்சீட்டு எழுதுதல் நன்று.

சலுகைக் கட்டணம் பற்றி

விவசாயிகளுக்கு ரயிலில் கட்டணக் குறைப்பு உண்டு என்று பலர் இன்றும் நம்புகின்றனர். உண்மையில் அது இருந்தது. விவசாயக் கண்காட்சிக்குச் செல்லும் குடியானவர்க்கு இரண்டாம் வகுப்பிலும் படுக்கை வகுப்பிலும் நூற்றுக்கு 25 வீதமும், அரசினர் ஏற்பாடு செய்யும் சிறப்பு வண்டிகளிற் செல்வோர்க்கு நூற்றுக்கு 33 வீதமும், நல்ல சாகுபடி முறையோ பால்பண்ணை முறையோ கற்கத் தேசிய நிலையங்களுக்குச் செல்வோர்க்கு நூற்றுக்கு 50 வீதமும் தள்ளுபடி வழங்கப்பட்டு வந்தது. 2020 மார்ச்சு மாதத்தில், நோய்த்தொற்றின் பொருட்டு, மாற்றுத் திறனாளிகள், சில நோயாளிகள், மாணவர் ஆகியோர்க்குரியன நீங்கலாக இவ்வகைச் சலுகைகள் யாவும் நிறுத்தப்பட்டன. முதியோர்க்குரிய தள்ளுபடியும் அப்பொழுதே நின்றது. எனவே பழைய சுற்றறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு சங்கத்தின் செலவுத் திட்டத்தைத் தயாரிப்போர், முழுக் கட்டணத்தையே போட்டுக்கொள்க. குடியானவன் கற்றுவரச் செல்லும் பிரயாணத்துக்கு இச்சலுகை எவ்வளவு சிறிய செலவில் எவ்வளவு உதவிற்று என்பதை நினைக்கையில், அது நின்றது வருந்தத்தக்கதே.

மதுரை வழி

மதுரையிலிருந்து பழனி, பொள்ளாச்சி வழியாகக் கோயம்புத்தூர் செல்லும் பகல் வண்டியும் உண்டு. திண்டுக்கல், பழனி, பொள்ளாச்சி, போத்தனூர்ப் பாதை பகுதி பகுதியாக அகலப்படுத்தப்பட்டு 2017-இல் அவ்வேலை முற்றுப்பெற்றது. பழனியில் தரிசனமும் செய்ய விரும்புவோர்க்கன்றி இவ்வழியை யாம் பரிந்துரைப்பதில்லை. பேருந்தில் மதுரைக்குச் செல்வோர் மாட்டுத்தாவணியில் இறங்குவர். கோயம்புத்தூர்ப் பேருந்துகளோ ஆரப்பாளையத்திலிருந்து புறப்படும். மூட்டையுடன் மதுரை நகரைக் குறுக்கே கடப்பது அவசியமற்ற தொல்லை. திருச்சியிலும் இப்பொழுது இவ்வாறான ஒரு மாற்றம் நேர்ந்துள்ளது. 2025-இல் பஞ்சப்பூரில் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டபின், வெளியூர் வண்டிகள் பல அங்கிருந்தே இயங்குகின்றன. பழைய மத்தியப் பேருந்து நிலையத்திலிருந்து ரயில் நிலையம் நடந்து செல்லும் தூரம். பஞ்சப்பூரிலிருந்து அவ்வாறு நடக்க இயலாது. இரவு வண்டியைப் பிடிக்கவேண்டியவர் அரைமணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்க.

விமான மார்க்கத்தைப் பற்றி எழுத வேண்டுவதில்லை. திருச்சி விமான நிலையத்தைச் சென்றடையும் நேரத்தில் பேருந்து மேற்கே பாதி வழியை நெருங்கிவிடும்.

கூட்டாகச் செல்லுதல்

வேளாண்மைத் தொழில்நுட்ப மேலாண்மை முகமை, அதாவது ஆத்மா திட்டத்தின் கீழ், விவசாயிகளைக் கண்டுணர் சுற்றுலாவாக அழைத்துச் செல்ல ஏற்பாடு உண்டு. கோட்டையூர்ப் பகுதி சாக்கோட்டை வட்டாரத்தைச் சேர்ந்தது. அவ்வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் முன்கூட்டியே பெயர் கொடுத்து வைத்தால், மாநாட்டையொட்டிச் சுற்றுலா அமையும்போது இடம் கிடைக்கலாம். ஒரே பயிர் செய்வோர் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து கேட்டால், தனித்தனியே கேட்பதினும் பயன் அதிகம். இதிலுள்ள குறை, நாளும் நேரமும் நம் கையில் இல்லாமை. அலுவலர் குறித்த நேரத்திற் புறப்பட்டு, அவர் குறித்த நேரத்தில் திரும்பவேண்டும். விரும்பிய கடை முன் ஒரு மணி நேரம் நிற்க இயலாது.

இல்லையேல், பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு வேன் அமர்த்தலாம். வாடகையைத் தலைக்கு வகுத்தால், பேருந்துக் கட்டணத்தைவிட மிகுமேயன்றிக் குறையாது. ஆயினும் வீட்டு வாயிலில் ஏறி, பந்தல் வாயிலில் இறங்கி, வாங்கிய கருவியையும் கன்றுகளையும் ஏற்றிக்கொண்டு திரும்பலாம். இதில் இரண்டு விஷயங்களை வற்புறுத்திக் கூறுவோம். ஒன்று, வண்டி வாடகை உரிமம் பெற்றதாக, மஞ்சள் எண் பலகை உடையதாக இருக்கவேண்டும். மற்றொன்று, ஓட்டுநர் பகலில் உறங்க இடம் தரவேண்டும். இரவு முழுதும் ஓட்டி வந்தவரைப் பகல் முழுதும் தம்மோடு கண்காட்சியில் சுற்றவைத்து, மறுபடி இரவு முழுதும் ஓட்டச் சொல்வது, பன்னிரண்டு குடும்பங்களைப் பணயம் வைப்பதாகும்.

சரக்கு வண்டியிற் செல்வதைப் பற்றியும் கூறவேண்டியிருக்கின்றது. திருவிழாவுக்கும் காதுகுத்துக்கும் டிராக்டர் டிரெயிலரிலும் சிறு சரக்கு வண்டியிலும் ஏறிச் செல்லும் பழக்கம் நம் கிராமங்களில் இன்னும் ஒழியவில்லை. மாநாட்டுக்கும் அவ்வாறே செல்லலாம், செலவு மிச்சம் என்று எண்ணுவோர் உளர். மோட்டார் வாகனச் சட்டப்படி சரக்கு வண்டியில் பிரயாணிகளை ஏற்றுதல் குற்றம். அதனினும் பெரியது பின்வருவது. சரக்கு வண்டிக்குரிய காப்பீடு, வண்டியில் தம் சரக்குடன் செல்லும் உடைமையாளரையும் அவருடைய பிரதிநிதியையும் மட்டுமே கருதும். 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் அவ்வளவே சேர்க்கப்பட்டது. ஏனையோர்க்கு விபத்தில் உயிர்ச்சேதம் நேரின், காப்பீட்டு நிறுவனம் தனக்குப் பொறுப்பில்லை என்று விலகிக்கொள்ளும். இழப்பீட்டுச் சுமை வண்டிச் சொந்தக்காரர் தலையில் விழும். அவரும் பெரும்பாலும் நம்மைப்போல் ஒரு விவசாயியே. நிலத்தை விற்றும் அவரால் கொடுக்க இயலாது. இறந்தவரின் குடும்பத்துக்கும் ஒன்றும் கிட்டாது. சில நூறு ரூபாய் மிச்சத்திற்கு இரு குடும்பங்கள் அழிவதை நினைத்துப் பார்க்கவேண்டும்.

கொண்டுசெல்வதும் கொண்டுவருவதும்

மாநாட்டில் நிபுணரைக் கண்டு வாயால் நோயை விவரிப்பதைக் காட்டிலும், நோயுற்ற செடியையே காட்டுவது பத்து மடங்கு பயன் தரும். புறப்படும் நாள் மாலையில், வேரோடு இரண்டு செடி பிடுங்கி, வேர்மண்ணை உதறாமல் ஈரத்துணி சுற்றி, இலைகளைச் செய்தித்தாளில் மடித்து வைத்துக்கொள்க. காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் இட்டால் காலையில் அழுகியிருக்கும். எந்நோய் என்று எவராலும் சொல்ல இயலாது. நோயின் தொடக்கத்திலுள்ள செடியும் முற்றிய செடியும் ஒவ்வொன்று இருத்தல் நலம். செத்துக் காய்ந்த செடி உதவாது. எந்நாளில் விதைத்தது, என்ன உரமிட்டது, எம்மருந்து தெளித்தது, முன்பயிர் யாது என்பவற்றை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டால், நிபுணர் கேட்கும் கேள்விகளுக்குத் தடுமாற வேண்டியதில்லை.

ஆதார் அட்டை, நிலத்தின் சிட்டா நகல் ஒன்று, வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதற்பக்க நகல் ஆகியவற்றை எடுத்துச் செல்க. கருவிகளுக்கு மானியம் பற்றிக் கேட்கும்போது இவை உதவும். ஆனால் கண்காட்சியிலேயே முன்பணம் கட்டிக் கருவி வாங்குவதில் அவசரம் வேண்டா. மானியத்திற்குரிய விண்ணப்பம் முதலில் ஏற்கப்படவேண்டும். வாங்கியபின் விண்ணப்பித்தால் மானியம் கிடைப்பது அரிது. விலைப்பட்டியலை மட்டும் வாங்கி வந்து, உள்ளூர் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரித்துப் பின்னர் முடிவு செய்க.

கன்றுகள் வாங்குவோர் பேருந்தின் பின்புறச் சரக்கறையில் அவற்றை இடுதல் ஆகாது. எஞ்சின் வெப்பத்தில் ஓரிரவில் வதங்கிவிடும். காலடியில், நிமிர்ந்தபடி, தொட்டிமண்ணை நனைத்து வைத்துக்கொண்டு வருக. வீடு சேர்ந்ததும் அன்றே நடாமல், நம் செம்மண் நிலத்தின் வெயிலுக்குப் பழகுமட்டும் ஒரு வாரம் மர நிழலில் வைத்திருந்து, மாலைப்பொழுதில் நடுக. விதைப் பொட்டலமாயின், அதன்மேல் ஒட்டியுள்ள சான்றட்டையையும் கடையின் இரசீதையும் அறுவடை முடியும்வரை பத்திரப்படுத்துக. முளைப்புக் குறைந்தால் கேட்பதற்கு அவை இரண்டுமே ஆதாரம்.